கடல் கடந்த நம் பிள்ளைகள்

(ஜூபிலி ஆண்டுக் குடும்ப விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோயிலுக்குப் புதுத்தளம் போட்டாயிற்று. அதற்குக் காணிக்கை அனுப்பிய பிள்ளைகளில் பலர் இன்று இங்கே இல்லை. சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறார்கள், பலகை அடிக்கிறார்கள். அவர்களைப்பற்றித்தான் சற்றுப் பேச விரும்புகிறேன்.

விடுதியில் ஓர் அறைக்கு 10, 12 பேர். அடுக்குக் கட்டில். விடியுமுன் லாரி ஏறவேண்டும். ஞாயிறன்று தேக்கா பக்கம் போனால் ஊர் முகங்களைப் பார்க்கலாம். இத்தனை பேர் நடுவில் தனிமை ஏது என்பீர்கள். கூட்டம் உண்டு, மனம்விட்டுப் பேசத்தான் ஆளில்லை. அழுதால் கேலி செய்வார்கள், முதலாளிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்ற அச்சம். போவதற்கு வாங்கிய கடன் இங்கே வட்டியோடு வளரும்போது எந்த முகத்தோடு திரும்புவான்?

2020 ஏப்ரலில் கொரோனா காரணமாக அவ்விடுதிகளை மூடினார்கள். உள்ளே சுமார் 3 லட்சம் தொழிலாளர். மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிப்பேரை நோய் தொற்றியது. இறந்தவர் மிகச் சிலரே. மனம் நொந்தவர்களோ அநேகர். அவர்களுடைய மனநலத்துக்கென்று அந்நாட்டு அரசே அந்த நவம்பரில் ஒரு குழு அமைக்க நேர்ந்தது.

நாம் என்ன செய்கிறோம்? போன் வந்தால் தங்கை கலியாணம், சிமெண்டு விலை, "பணம் எப்போ அனுப்புவே?" அவனும் "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறான். சாகவேண்டுமென்று செடியடியில் படுத்த எலியா இறைவாக்கினரை வானதூதர் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டார். தூக்கம் வருகிறதா, சாப்பிட்டாயா, யாரோடு பேசுகிறாய் என்று கேளுங்கள். கடன் எவ்வளவு அடைந்தது என்ற உண்மையைச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வந்துவிடு, வீடு இருக்கிறது என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். அவனுக்கே தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

தூக்கமில்லை, போன் எடுப்பதில்லை, புதிதாகக் குடிக்கிறான், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிறான் என்றால் விளையாட்டாக எண்ணாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் பிறந்துவிடாது என்பதே மனநல மருத்துவர் கருத்து. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் ஆலோசனை கிடைக்கிறது, வீட்டாரும் கேட்கலாம். தகடு, தாயத்துக்கு ஓடுகிற வேகத்தில் பாதி போதும்!

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை அன்பியத் தலைவர்களிடம் இந்த ஞாயிற்றுக்குள் கொடுங்கள். வாரம் ஒருவரோடாவது நானே பேசுகிறேன். பணம் கேட்கமாட்டேன் என்றும் சொல்லிவையுங்கள்.