டர்பனிலிருந்து ஹேக் நகர் வரை

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நான் வழக்கறிஞன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவன். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

அனைத்துலகச் சட்டம் என்றதும், லாயாங் லாயாங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறோம். 1953இல் ஜோகூர் அரசின் இடைக்காலச் செயலாளர் சிங்கப்பூருக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து பூத்தே தீவின் உரிமையை ஜோகூர் கோரவில்லை என்றது அக்கடிதம். 2008 மே 23 அன்று ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் அத்தீவு சிங்கப்பூருக்கே உரியது என்று தீர்ப்பளித்தபோது, அந்தக் கடிதம் முக்கியச் சான்றாக நின்றது. நம் மாநிலத்துக் கடிதம் ஒன்று ஹேக் வரை போனது. நம் பிள்ளைகள் போக முடியாதா?

போனவர் ஒருவரைச் சொல்கிறேன். நவநீதம் பிள்ளை, 1941இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பேருந்து ஓட்டுநர். பல்கலைக்கழகப் படிப்புக்கு ஊரிலிருந்த இந்தியச் சமூகம் பணம் சேர்த்துக் கொடுத்தது. 1965இல் சட்டப் பட்டம் பெற்றார். 1967இல் சொந்த அலுவலகம் திறந்தார். நிறவெறிச் சட்டம் இருந்த காலம். நீதிபதியின் அறைக்குள் நுழையவும் அவருக்கு அனுமதியில்லை. ஆனாலும் ரோபன் தீவுக் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை 1973இல் வழக்காடிப் பெற்றார்.

ஹார்வர்டில் மேற்பட்டம் பெற்றது 1982இல்தான். 1995இல் ருவாண்டா படுகொலைகளை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் நீதிபதியானார். பெண்களுக்கு எதிரான பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998இல் தீர்ப்பளித்த அமர்வில் அவரும் இருந்தார். 2003இல் ஹேக் நகரின் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனார். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தார்.

தம்பி தங்கைகளே, அவர் முதலில் சொந்த ஊர் நீதிமன்றத்தில் தொழில் கற்றார். நீங்களும் பட்டத்துக்குப் பிறகு வரும் ஒன்பது மாதப் பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். படிக்கும்போதே ஜெசப் மாதிரி வழக்குப் போட்டியில் சேருங்கள். ஒரே வழக்குக்கு இரு தரப்பிலும் நின்று எழுதவும் வாதாடவும் அங்கே பழகலாம். கோலாலம்பூரில் ஆசிய அனைத்துலக நடுவர் மன்றம் இருக்கிறது. நாடு விட்டு நாடு சரக்கு வாங்கும் என் போன்றவர்களின் தகராறுகள் தீரும் இடம் அது. அங்கே பயிற்சி இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பெரியவர்களே, கல்விக் கட்டணத்துக்கு நாம் உதவுகிறோம். போட்டிக்குப் போகும் பயணச் செலவு, பயிற்சிக் காலத்து அறை வாடகை என்று கேட்டு வந்தால், "அது எதற்கு?" என்கிறோம். அந்தச் செலவுக்கு வழியில்லாமல்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். சங்கத்தின் கல்வி நிதியில் இதற்கென ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். முதல் தொகையை என் கடையிலிருந்து தருகிறேன்.

டர்பன் மக்களும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்டவர்கள்தாம். அவர்கள் கொடுத்தார்கள், நாமும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.