புதுமுக மாணவருக்குத் துணைநிற்றல்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பல்கலைக் கழகத்தில் முதலாண்டு மாணவருக்கு வழிகாட்டிகளாக இருந்த எங்களை, அந்த அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி மன்றத்தார் பணித்தார்கள். எங்களில் சிலர் இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். சிலர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பேசுபவர் ஒருவரேயாயினும், சொல்லப்படுவது எல்லோருடைய அனுபவமுமாகும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக் கழகம் புகுவது எவ்வளவு அரிய காரியம் என்பதைப் பெரியோர்களுக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலேதான். ஒரு தலைமுறைக் காலம் நாம் வாசலிலேயே நின்றோம். 1995 இல் பலாங்கொடைக்கு அப்பால், பெலிஹுல்ஓயாவிலே சப்ரகமுவப் பல்கலைக் கழகம் அமைந்தது. நம் மாகாணத்துக்கும் ஒரு பல்கலைக் கழகம் கிடைத்தது. ஆனால் எந்தப் பல்கலைக் கழகமாயினும், உள்ளே போகும் நம் பிள்ளை இடைவழியில் திரும்பிவிடாதிருக்க வேண்டுமே! அதுவே எங்கள் கவலை.

மாணவனுக்கு மாணவனே துணை என்பது புதுமையன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே சட்டாம்பிள்ளை இருந்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையொன்றை வகுத்து, 1797 இல் இலண்டனிலே நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்ற பெயரோடு பல தேசங்களில் பரவியது. இது நமக்குப் பெருமையே. ஆயினும் சட்டாம்பிள்ளையின் கையிலே பிரம்பும் இருந்தது என்பதை மறக்கலாகாது.

மூத்தவன் கையில் பிரம்பு ஏறினால் என்னவாகும் என்பதற்குப் பகிடிவதையே சாட்சி. 1997 இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிர் நீத்தார். மறு ஆண்டு, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ‘நாங்களும் இளையவரைப் பழக்கத்தானே செய்கிறோம்’ என்று வதைப்போரும் சொல்வர். அப்படியாயின் வேற்றுமை யாது? இளையவர் ‘முடியாது’ என்று சொல்லலாமா? சொன்ன பின்பும் நட்பு நிலைக்குமா? நிலைக்குமாயின் அது துணை, அன்றேல் வதை.

நிற்க. எங்கள் குற்றம் ஒன்றையும் இச்சபையில் சொல்லியாக வேண்டும். எங்கள் பொறுப்பிலிருந்த புதுமுக மாணவருள் ஒருவர் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. உயர்தரம் வரை தமிழிலே படித்தவர். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. விடுதி அறையிலே பேச்செல்லாம் சிங்களம். காணும்போதெல்லாம், “தம்பி, பிரச்சினை ஏதும் உண்டா?” என்று கேட்டோம். “ஒன்றுமில்லை அண்ணா” என்றார். நாங்களும் திருப்தியோடு போனோம்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய கட்டில் வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்குப் போயிருப்பார் என்று இருந்துவிட்டோம். அவர் திரும்பி வரமாட்டார் என்பது பதினோராம் நாள்தான் தெரிந்தது. அந்தத் தோட்டத்துக்குப் போனோம். கொழுந்து மலையிலிருந்து வந்த தாயார் எங்களுக்குத் தேநீர் தந்துவிட்டு, “நீங்கள்லாம் அங்கதானே தம்பி இருந்தீங்க?” என்று கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை.

மகன் கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பாடம் விளங்காதது மட்டும் காரணமன்று. மகாபொலப் பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குக் காசில்லை, கேட்க வெட்கம்.

அன்று முதல் எங்கள் கேள்வியை மாற்றினோம். “இராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? இன்று விரிவுரையில் எழுதியதைக் காட்டுங்கள்” என்று கேட்கத் தொடங்கினோம். இவற்றுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது. கொப்பி வெறுமையாக இருந்தால் அன்றிரவே கூட இருந்து, பாடத்தின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தோம். பெண்பிள்ளைகளுக்கு எங்கள் குழுவின் சகோதரிகளே துணையானார்கள். மனம் மிகச் சோர்ந்தவரை மாணவர் ஆலோசகரிடம் உடன் அழைத்துச் சென்றோம். ஏனெனில் வழிகாட்டி வைத்தியன் அல்லன்.

ஒரு தங்கை முதற் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாம் என்பதே அவருக்குத் தெரியாது! அதைச் சொல்ல ஐந்து நிமிடமும் ஆகவில்லை. அவரே மறு ஆண்டு, புதிதாக வந்த இருவருக்குத் துணையாக நின்றார்.

மன்றத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். ஒன்று: தனி வீட்டிலக்கம் இல்லாத லயங்களுக்குக் கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேர்கின்றன. பல்கலைக் கழகப் பதிவுக்கோ குறித்த நாள் உண்டு. தவறினால் இடம் பறிபோகும். ஆகவே பெறுபேறு வந்த நாளிலிருந்து பதிவு முடியும் வரை ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் இளைஞர் இதனைக் கவனிக்க வேண்டும். இரண்டு: முதல் மூன்று மாதச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு சிறு நிதி வேண்டும். பெரியோர்கள் மனம் வைத்தால் இது இயலாததன்று. மூன்று: இவ்வாண்டு பல்கலைக் கழகம் போகும் ஒவ்வொருவரும், அடுத்த ஆண்டு வரும் ஒருவரையேனும் பொறுப்பேற்பதாக இச்சபையிலே வாக்களிக்க வேண்டும்.

அந்தத் தாயாருடைய கேள்வி இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. இனியொரு தாய் அவ்வாறு கேட்கும்போது, “ஆம் அம்மா, நாங்கள் இருந்தோம்” என்று தலைநிமிர்ந்து சொல்லத் தக்கவர்களாக நாம் இருக்க இறைவன் அருள்வானாக.