எனக்கு வலிக்குது: ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்றது?

போன எபிசோட்ல ஹோட்டல்ல சாப்பாடு ஆர்டர் பண்றது எப்படின்னு பார்த்தோம். இன்னைக்கு, அந்தச் சாப்பாடு ஒத்துக்கலைன்னா என்ன சொல்றதுன்னு பார்க்கலாம். அதாவது வலி. உடம்பு வலி, மனசு வலி ரெண்டும்.

நம்மள்ல பல பேரு ஸ்பானிஷை இங்கிலீஷ் வழியாத்தான் கத்துக்கறோம். ஆப்பும் இங்கிலீஷ், புக்கும் இங்கிலீஷ். வலி விஷயத்துல மட்டும் அந்தப் பழக்கத்தை ஓரமா வைங்க. இங்க தமிழ்தான் குறுக்குவழி.

'மே துவேலே லா கபேஸா.' இதுல 'மே' எனக்கு, 'துவேலே' வலிக்குது, 'லா கபேஸா' தலை. எனக்குத் தலை வலிக்குது. அவ்ளோதான்! இங்கிலீஷ்ல தலைவலியை 'வெச்சிருக்கோம்', ஏதோ நம்ம சொத்து மாதிரி. தமிழ்லயும் ஸ்பானிஷ்லயும் வலிக்கிறது தலை, அது நடக்கிறது எனக்கு. ('தெங்கோ தொலோர் தே கபேஸா', தலைவலி இருக்குன்னும் சொல்லலாம், தப்பில்ல.)

இன்னொண்ணு கவனிச்சீங்களா? நாம பொதுவா 'என் தலை வலிக்குது'ன்னு சொல்றதில்ல, 'எனக்கு'ன்னு சொல்லும்போதே அது யார் தலைன்னு தெரிஞ்சிடுது. அங்கயும் அதே கதை. 'மி கபேஸா'ன்னு தொடங்க வேண்டாம்.

டாக்டர் 'தோந்தே லே துவேலே?'ன்னு கேட்பார். உங்களுக்கு எங்க வலிக்குது? 'லே' மரியாதை, 'உங்களுக்கு'. அம்மா பிள்ளைகிட்ட கேட்டா 'தே', 'உனக்கு'. இதுவும் நமக்குப் பழக்கம்தான்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் தமிழ் கை கொடுக்காது. 'கண்ணெல்லாம் வலிக்குது'ன்னு நாம ஒருமையிலேயே ஓட்டிடுவோம். அங்க ரெண்டு கண்ணுன்னா வினையும் பன்மை: 'மே துவேலென் லோஸ் ஓஹோஸ்'.

அடுத்து, எப்படிப்பட்ட வலி? எரியுதுன்னா 'மே ஆர்தே'. அரிக்குதுன்னா 'மே பீகா'. (சாப்பாட்டைப் பத்திப் பேசும்போது அதே 'பீகா', காரம்!) சுருக்குன்னு குத்துற வலி 'புன்ஸாதா'. தலை சுத்துதுன்னா ஆண் 'எஸ்தோய் மரேயாதோ'ம்பார், பெண் 'மரேயாதா'ம்பாங்க.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ நுணுக்கமான்னு கேட்டா, ஒரு நிஜக் கதை சொல்றேன். 1980, அமெரிக்காவுல ஃபுளோரிடா. ஸ்பானிஷ் பேசுற கியூபக் குடும்பத்து 18 வயசுப் பையன் ஒருத்தனை மயங்கின நிலைமைல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர்றாங்க. 'இன்தோக்ஸிகாதோ'ன்னு சொல்றாங்க. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலைங்கற அர்த்தத்துல. இங்கிலீஷ்ல அதே மாதிரி ஒலிக்கிற வார்த்தைக்கு அர்த்தம், போதை. டாக்டர்கள் போதை மருந்து கேஸுன்னு வைத்தியம் பார்க்கிறாங்க. உண்மைல மூளைல ரத்தக்கசிவு. அது தெரியறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. பையனுக்குக் கை, கால் நாலும் செயலிழந்து போச்சு. பின்னாடி வழக்கு நடந்து, சுமார் 71 மில்லியன் டாலர் இழப்பீடுன்னு முடிஞ்சுது. பணம் வந்து என்ன, கால் வருமா?

அதனால அவசரத்துல நோய்க்குப் பேர் வைக்காதீங்க. அதை டாக்டர் பார்த்துப்பார். நீங்க மூணு விஷயம் சொல்லுங்க: எங்க, எப்படி, எப்பலேர்ந்து. 'தெஸ்தே அயேர்'னா நேத்துலேர்ந்து. மொழிபெயர்ப்பாளர் கிடைச்சா கண்டிப்பா கேளுங்க.

இப்போ மனசுக்கு வருவோம். நாம 'மனசு வலிக்குது'ன்னு சொல்ற மாதிரியே, அங்கயும் அதே வினைச்சொல்தான். 'மே துவேலே கே தே வாயாஸ்': நீ போறது எனக்கு வலிக்குது. சாதாரணமா 'நீ போற'ங்கிறது 'தே வாஸ்'. இங்க வலி முன்னாடி வந்ததால 'வாயாஸ்'னு மாறிடுது.

'மே தா பேனா'ன்னு ஒண்ணு இருக்கு. நாம எழுதுற பேனா இல்ல! ஸ்பெயின்ல சொன்னா வருத்தமா இருக்கு. மெக்ஸிகோல பெரும்பாலும் கூச்சமா இருக்கு. ஊர் பார்த்துப் பேசுங்க.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சாவு வீட்டுல என்ன பேசறதுன்னு தெரியாம நாம கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம் இல்ல? அங்க 'லோ சியென்தோ'ம்பாங்க. மன்னிப்புக்கும் இதைச் சொல்வாங்க, ஆனா நேரடி அர்த்தம் 'அதை நான் உணர்றேன்'. இன்னொண்ணு, 'தே அகொம்பான்யோ என் எல் சென்திமியென்தோ'. இந்தத் துக்கத்துல உன்கூட நானும் வர்றேன். அறிவுரை இல்ல, 'எல்லாம் சரியாயிடும்'னு பொய்யும் இல்ல. கூட வர்றேன், அவ்ளோதான்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்க உடம்புல இப்ப எங்கயாவது வலிக்குதா? நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ற ஆளா இருந்தா முதுகாத்தான் இருக்கும். 'மே துவேலே லா எஸ்பால்தா.' சத்தமா மூணு தடவை சொல்லுங்க. அப்புறம் எழுந்து கொஞ்சம் நடங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதியோஸ்!