அப்பா எங்கன்னு கேக்காத குழந்தை

இன்னிக்கு கொஞ்சம் கனமான விஷயம். அப்பாவோ அம்மாவோ திடீர்னு இறந்த பிறகு பேச்சையே நிறுத்திடுற குழந்தைகளைப் பத்தி.

நான் மாத்தூர்ல வளர்ந்த ஆள். மணலி, எண்ணூர், ஹார்பர்னு ஷிப்ட் வேலைக்குப் போற அப்பாக்கள் நிறைஞ்ச ஏரியா. ராத்திரி பகல்னு இல்லாம லாரி ஓடுற ரோடு. இங்க ஒருத்தர் விபத்துல போயிட்டா, மறுநாளே தெருவுல ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வந்துடும். வீட்டுக்குள்ள குழந்தைகிட்ட மட்டும், “அப்பா வெளியூர் போயிருக்காரு”ன்னு சொல்லுவோம். ஆறு வயசுக் குழந்தை அந்த பேனரைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போகுது. படிக்கத் தெரியாட்டியும் அப்பா முகம் தெரியாதா? கேட்டா அம்மா அழுவாங்க. அதனால கேக்காமலே இருந்துடுது. நாமளோ, “சின்னப் புள்ள, ஒண்ணும் புரியல”ன்னு நிம்மதியாயிடுறோம்.

இதை நம்ம கடற்கரை பெரிய அளவுல பார்த்தது 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம். சுனாமியில நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல இறந்தாங்க. பெத்தவங்களை இழந்த குழந்தைகளுக்காக அங்க அன்னை சத்யா அரசு காப்பகம் வந்துச்சு. பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு கடலோர ஊர்கள்ல உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்துச்சு. “என்ன நடந்துச்சு, சொல்லு”ன்னு குழந்தைகளைக் குடையறது இல்ல அவங்க வழி. விளையாட்டு, ஓவியம், கதை.

காரணம் இருக்கு. பயங்கரத்தைப் பார்த்த குழந்தைக்கு அது வார்த்தையா வர்றதுக்கு முன்னாடி விளையாட்டா வரும். மணல்ல வீடு கட்டி, தண்ணி ஊத்திக் கலைக்கும், திரும்பக் கட்டும். பொம்மை காரை மோதவிடும், மறுபடியும் மோதவிடும். நம்ம வீட்டுப் பெரியவங்க “அபசகுனம்”னு பிடுங்கி வெச்சிடுவாங்க. அட, அதுக்கு இருக்கிற ஒரே பேச்சு அதுதாங்க!

இன்னொண்ணு. சின்னக் குழந்தைங்க, “நேத்து நான் அடம்புடிச்சேன், அதான் அப்பா போயிட்டாரு”ன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிடும். வெளிய சொல்லாது. “சாமிகிட்ட தூங்குறாரு”ன்னு நாம சொன்னா, அதுக்குத் தூங்கவே பயம் வரும். அதனால பக்கத்துல உக்காந்து நேரா சொல்லணும்: “அப்பா செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு. அது உன்னால இல்ல.” அது பதில் பேசாது. பரவாயில்ல. தலையாட்டினா போதும், படம் வரைஞ்சா போதும். சொந்தக்காரங்க முன்னாடி நிறுத்தி, “மாமாகிட்ட பேசு, சாக்லேட் தரேன்”னு மட்டும் வேண்டாம். கிளாஸ் டீச்சர்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிடுங்க. எழுப்பி நிக்கவெச்சுக் கேள்வி கேக்காம இருப்பாங்க.

வீட்ல நல்லா பேசி ஸ்கூல்ல மட்டும் வாயைத் திறக்காத குழந்தைங்க உண்டு. அது வேற, பெரும்பாலும் பதற்றம் சம்பந்தப்பட்டது. நான் சொல்றது, நேத்துவரைக்கும் பேசின குழந்தை சாவுக்கு அப்புறம் எல்லா இடத்துலயும் அமைதியாயிடறது. வாரக்கணக்கா அப்படியே இருந்தா, சாப்பாடு தூக்கம் கெட்டா, டாக்டர்கிட்ட போயிடுங்க. நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு. எங்க போறதுன்னு தெரியலன்னா டெலி மானஸ், 14416. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். குழந்தையைப் பேசவைக்கணும்னு இல்ல; நீங்க பேசினா போதும்.