பொறுமைக்கும் ஒரு வேலி வேண்டும்



சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்கு அண்டை வீடு பக்கத்தில் மட்டும் இல்லை. மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. மேல்மாடியில் நள்ளிரவில் நாற்காலி இழுபட்டால் கீழ்வீட்டுப் பாட்டியின் தூக்கம் போய்விடுகிறது. ஒருநாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் நடந்தால்?

"எதற்கு வம்பு?" என்று பலர் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு ஒருநாள் பொங்கி எழுந்து மேல்வீட்டுக் கதவைத் தட்டிக் கத்துகிறார்கள். முதல் வாரத்தில் சொல்லாத சொல்தான் ஆறாம் மாதத்தில் கத்தலாக வெளிவருகிறது. கத்தலைக் கேட்டவருக்கோ தாம் போட்ட சத்தம் மறந்துவிடுகிறது. பட்ட அவமானம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

ஆகவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கோபம் ஆறிய பகல் வேளையில், வாசலில் நின்று பேசலாம். "அறிவில்லையா?" என்று குணத்தைப் பழித்தால் சண்டைதான் வரும். "தம்பி, ராத்திரி நாற்காலி இழுக்கிற சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. பத்தரைக்குமேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். காலுக்கு ரப்பர் மாட்டினால் இன்னும் நல்லது" என்று சொல்லலாம். அதில் பிரச்சினையும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, தீர்வும் இருக்கிறது.

அதற்கும் பலன் இல்லையென்றால், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அமைதியாகச் சொல்லலாம். சொன்னதைச் செய்யவும் வேண்டும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. வெறும் மிரட்டலை இரண்டாவது முறை யாரும் மதிப்பதில்லை.

அடுத்த படிக்கு வழிகள் உண்டு. 1998ஆம் ஆண்டு முதல் சமூகச் சமரச நிலையம் செயல்பட்டு வருகிறது. அங்கே தீர்ப்பு வழங்குவதில்லை. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்து, அவர்களே ஓர் உடன்பாட்டுக்கு வர உதவுகிறார்கள். 2015இல் அமைந்த சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம், ஒரே கட்டடத்தில் அல்லது 100 மீட்டருக்குள் வசிப்பவர்களின் வழக்குகளை விசாரிக்கிறது. தொல்லையை நிறுத்தும்படி அது உத்தரவிடலாம். 20,000 வெள்ளி வரை இழப்பீடும் விதிக்கலாம். இதற்கான சட்டம் 2024இல் மேலும் வலுப்படுத்தப்பட்டது. அதன்படி, சத்தத் தொல்லையை நேரில் விசாரிக்கும் அதிகாரிகளின் பணி 2025இல் தெம்பனிசில் முன்னோட்டமாகத் தொடங்கியது.

இந்த இடங்களுக்குப் போகிறவர்கள் நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தால் பேச்சு தெளிவாக இருக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சத்தம் போடுபவர் மறதிநோயால் வாடும் முதியவராக இருக்கலாம். அப்போது அவருடைய பிள்ளைகளிடம் பேசுவதே முறை. அடிப்பேன், வெட்டுவேன் என்று மிரட்டுபவரிடம் தனியாகப் போய்ப் பேசவே கூடாது. உடனே காவல்துறையை அழைக்க வேண்டும்.

நம் வீட்டுக்கும் இதே அளவுகோல்தான். பிறந்தநாள் விருந்தில் பாட்டுச் சத்தம் கூடுமென்றால், அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். குறித்த நேரத்தில் நிறுத்தியும் விடலாம். அப்படி நடந்துகொள்பவர் நாளை எதிர்வீட்டாரிடம் ஒரு குறையைச் சொன்னால், அவர்களும் காதுகொடுத்துக் கேட்பார்கள். மறுநாள் மின்தூக்கியில் சந்திக்கும்போது இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது.