பழைய பக்கம் அழியும் முன்னே



கொல்கத்தா நகரில் காளிகாட் என்ற இடம் இருக்கிறது. அங்கே புகழ்பெற்ற காளி கோயில் உண்டு. இன்று நாம் காணும் கோயில் 1809-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. வங்காளப் புத்தாண்டு அன்று வியாபாரிகள் அங்கே புதுக் கணக்கு நோட்டோடு வருவார்கள். பூஜை செய்வார்கள். பிறகு புதுக் கணக்கு எழுதுவார்கள்.

இப்போது பல கடைகளில் இன்னொரு நோட்டும் இருக்கிறது. அதுதான் கேமராவின் பதிவுப் பெட்டி. கேமரா பார்க்கும். பெட்டிதான் நினைவில் வைக்கும். ஆனால் இந்த நோட்டு நிறைந்துவிட்டால் யாரையும் கேட்காது. பழைய பக்கத்தை அழித்துவிட்டு, அதன் மேலேயே எழுதும்.

கோயில் தெருவில் ஒரு பேடாக் கடையை நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் 5,000 ரூபாய் குறைகிறது. கல்லாவில் நின்ற வேலையாள் மேல் சந்தேகம் வருகிறது. "கேமராவைப் பாருங்கள்" என்று அவர் அழுகிறார். பெட்டியில் பத்து நாள் படம்தான் இருக்கிறது. பணம் குறைந்ததோ அதற்கு முன்னே! திருடியவரும் தப்பினார். திருடாதவருக்கும் சாட்சி இல்லை.

எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா? வேண்டாம். படிப்படியாகச் செய்யலாம்.

முதலில் செலவில்லாத வேலை. பெட்டியில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். ஆள் நடமாடும்போது மட்டும் பதியும்படி வைக்கலாம். இடம் மிச்சமாகும். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இரண்டாவது, ஹார்டு டிஸ்க். ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 20 ஜி.பி. இடம் ஆகிறது என்று வையுங்கள். நான்கு கேமராவுக்கு 80 ஜி.பி. ஆகும். ஒரு டி.பி. என்பது 1,000 ஜி.பி. அது 12 நாளில் நிறையும். இரண்டு டி.பி. போட்டால் 25 நாள் வரும். பெட்டி எவ்வளவு பெரிய டிஸ்கை ஏற்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பெட்டி. பழைய கேமராவையும் பழைய ஒயரையும் ஏற்கும் புதுப் பெட்டிகள் உண்டு. எச்.265 முறையில் பதியும் பெட்டி ஏறக்குறைய பாதி இடத்தில் படத்தை அடக்கும். பணம் கொடுக்கும் முன் பழைய கேமரா ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஆனால் பெட்டியை மாற்றினால் படம் தெளிவாகிவிடாது. அதற்குக் கேமராவைத்தான் மாற்ற வேண்டும். கையில் பணம் சேர்ந்ததும் கல்லாவுக்கு மேலே உள்ளதை மட்டும் முதலில் மாற்றினால் போதும்.

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. காவல் நிலையங்களின் கேமராப் பதிவை 18 மாதம் காக்க வேண்டும். அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டாவது காக்க வேண்டும். ஏன்? எளியவருக்கு அதுவே சாட்சி.

கடைக்கு ஓராண்டு வேண்டாம். மாதக் கணக்குப் பார்க்கும்வரை படம் இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் அன்றே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

இன்றைக்கே போய்ப் பாருங்கள். உங்கள் பெட்டியில் எத்தனை நாள் இருக்கிறது?