மருந்துத் துண்டும் எமது பொறுப்பும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



தடிமனுக்கும் சாதாரண இருமலுக்கும் பெரும்பாலும் வைரசே காரணம். அன்ரிபயோட்டிக் மருந்து வைரசை எதுவும் செய்யாது. அது பற்றீரியாவுக்கு உரிய மருந்து. வைத்தியர்கள் அனைவரும் படித்த பாடம் இது. அப்படியிருந்தும் தடிமனோடு போன பிள்ளையின் துண்டில் அமொக்சிசிலின் ஏன் எழுதப்படுகிறது? எம்முள் வைத்தியர்கள், மருந்தாளர்கள், தாய்மார் எல்லோரும் இருக்கிறோம். ஆகவே சேர்ந்தே யோசிப்போம்.

அறியாமையைவிடப் பயமே பெரிய காரணம். காய்ச்சல் வைரசாலா பற்றீரியாவாலா என்பதைச் சில நிமிடங்களில் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் செல்லும். மருந்தின்றி அனுப்பிய பிள்ளைக்கு நியூமோனியா வந்தால் ஊரே அந்த வைத்தியரைக் கேட்கும். தேவையின்றிக் கொடுத்த மருந்தால் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றால் அவரை ஒருவரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த காரணம் கூட்டம். வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளும்போது, "இது தானாக மாறும்" என்று விளங்கப்படுத்துவதைவிட எழுதிக் கொடுப்பது விரைவான வேலை. கிளினிக் நேரம் செல்லச்செல்ல, சுவாசத் தொற்றுகளுக்கு வைத்தியர்கள் அன்ரிபயோட்டிக் எழுதுவது கூடுவதை 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பணங்கட்டிச் சனல் பண்ணி வந்தவர் மருந்தில்லாமல் போக விரும்பமாட்டார் என்ற எண்ணமும் இதனோடு சேர்கிறது.

பொறுப்பு யாருடையது? பேனை வைத்தியரின் கையில் இருப்பதால் முதற்பொறுப்பு அவருடையதே. நோயாளி கேட்டார் என்பது போதிய பதிலாகாது. ஆனால் அவரோடு நிறுத்திவிடவும் முடியாது. துண்டின்றி இம்மருந்தை விற்பது இலங்கைச் சட்டத்துக்கு மாறானது. விற்கும் மருந்துக்கடைக்கும் கண்காணிக்க வேண்டிய அரசுக்கும் பங்குண்டு. மிஞ்சிய குளிசையை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பவருக்கும், லண்டனில் வைத்தியர் எழுதவில்லையென்று ஊரிலிருந்து வருபவரிடம் குளிசை அட்டைகளைச் சொல்லிவிடுபவருக்கும் பங்குண்டு.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளால் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. சிசேரியன், புற்றுநோய்ச் சிகிச்சை, குறைமாதக் குழந்தையின் பராமரிப்பு எல்லாம் இம்மருந்துகள் வேலைசெய்யும் என்ற நம்பிக்கையிலேயே நடைபெறுகின்றன. எமது பேரப்பிள்ளைகளுக்கும் அந்த நம்பிக்கை வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, "அன்ரிபயோட்டிக் தாருங்கள்" என்று கேட்பதை விடுவோம். "இது கட்டாயம் தேவையா? என்ன குணங்குறி கண்டால் திரும்பி வரவேண்டும்?" என்று கேட்போம். பிள்ளைக்கு மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதியாமல் செல்வோம். தேவையென்று தந்த மருந்தைச் சொன்னபடி எடுப்போம். எம்முள் வைத்தியராக இருப்போர் அக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்குவோம். மருந்துக்கடை நடத்துவோர் துண்டில்லாமல் வருபவருக்கு இல்லையென்று சொல்வோம்.